வளைவில் சாய்கிற கார்

தொழிற்சாலையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை, ஒருமுறை அவளிடம் வாய் கொடுத்தவர்களுக்குத் தெரியும். அவள் வேலை, புதிய கார்களை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வது. இதைச் சொன்னால் பிறந்த வீட்டில் இன்றும் சிரிப்பார்கள். எந்த வண்டியில் ஏற்றினாலும் அடுத்த தெரு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்த பிள்ளை அவள். "நீ காரைச் சோதிக்கிறியா? பாவம், அந்த காரு!" என்பார் அண்ணன். ஆனால் அந்த வயிறுதான் அவளுக்குப் பிழைப்பைக் கொடுத்தது. வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவளுக்கு உள்ளே தெரிந்துவிடும்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தக் குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். எடையும் குறைவு, விலையும் குறைவு. மாதச் சம்பளக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கப்போகிற கார். அதனால் வளைவில் அது கொஞ்சம் சாயட்டும் என்று வேண்டுமென்றே முடிவு செய்தாள். வேகம் கூடக்கூடச் சாய்வும் கூடும். டயர் வழுக்குவதற்கு முன்பே, போதும், குறைத்துக்கொள் என்று ஓட்டுகிறவர் இடுப்பிடம் கார் சொல்லிவிடும். அந்தச் சாய்வுக்காக எத்தனை ஸ்பிரிங்குகளைக் கழற்றி மாட்டினாள் என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள், தலையில் கைவைத்துக்கொள்வார்கள்.

பத்திரிகைக்காரர்களிடம் காரைக் கொடுக்கும் நாள் வந்தது. கார்களைப் பற்றி எழுதுவதில் பேர்போன ஒரு விமர்சகரும் வந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஷோரூமில் கூட்டம் கூடும், இல்லையென்றால் ஈ ஓட்ட வேண்டியதுதான். காலையில் வேறொரு கம்பெனியின் மூன்று மடங்கு விலையுள்ள காரை ஓட்டிவிட்டு, அந்தச் சூடு ஆறாமல் நேரே இங்கே வந்தார். சோதனைப் பாதையில் சில சுற்றுகள் பறந்தார். நன்றாகத்தான் ஓட்டினார், அதை மிளகாயும் மறுக்கமாட்டாள். பிறகு எழுதினார்: "வளைவில் படகு மாதிரி ஆடுகிறது. கையாளுதலில் தேறவில்லை."

அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாரும் ஒத்து ஊதினார்கள். எங்கு பார்த்தாலும் படகு, படகு, படகு. காரின் கதவைக்கூடத் திறந்து பார்க்காதவன் எல்லாம் படகு என்று எழுதினான்.

வீட்டில் கணவர் மெதுவாகக் கேட்டார். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாதுவான மனிதர். "அவரு எழுதினது பொய்யா?"

"பொய் இல்லைங்க, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது! அந்த ஆளு ஓட்டுற வேகத்துக்கு அது ஆடத்தான் செய்யும். இதை வாங்குறவங்க ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வர்றவங்க. அவ்வளவு விலையுள்ள காருல இருந்து இறங்கின உடம்போட வந்து இதுக்கு மார்க் போட்டா என்ன நியாயம்?"

கணவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நகர்ந்தார். அனுபவஸ்தர்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "ஸ்பிரிங்கைக் கெட்டியா மாத்திடும்மா. சாயவே கூடாது."

"சார், அப்புறம் கார் எதையுமே முன்கூட்டிச் சொல்லாது. திடுதிப்புன்னு வழுக்கும்."

"சொல்லாட்டிப் போகட்டும். விமர்சனம் நல்லா வரணும்."

அவள் எடுத்துச் சொன்னாள், கெஞ்சினாள், கடைசியில் கத்தினாள். தலைகீழாக நின்றும் ஒன்றும் நடக்கவில்லை. நீ மாட்டாவிட்டால் வேறு ஆள் மாட்டுவான் என்றார்கள். வேறு ஆள் இன்னும் மோசமாக மாட்டுவானே என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தானே மாட்டினாள்.

அடுத்த வருடம் அதே விமர்சகர் வந்தார். பக்கத்து இருக்கையில் மிளகாய். சில வளைவுகள் போனதும் மூக்கைச் சுளித்தார்.

"என்னமோ குறையுதே. பழசுல அழகா ஒரு சாய்வு இருந்துச்சு. கார் நம்மகிட்ட பேசுற மாதிரி இருக்கும். அதை ஏன் எடுத்தீங்க?"

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "நீங்க எழுதினதாலதான் சார் எடுத்தோம்."

"நானா?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சிரித்தார். "நான் என் கருத்தைச் சொன்னேன். மாத்தச் சொன்னேனா?"

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டிக் காட்டுறேன்."

அவர் நம்பி இறங்கினார். அவள் நகர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள், கதவுகளைப் பூட்டினாள், கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினாள். "நடந்து வாங்க சார்."

"என்னம்மா, விளையாடுறியா?"

"இல்ல சார். சும்மா, என் கருத்து."

உச்சி வெயிலில் கோட்டும் சூட்டுமாக அவரை விட்டுவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வளைவைக் கோபத்தோடு எடுத்தாள். கார் துளியும் சாயவில்லை. நிதானமாகத்தான் போகிறோம் என்று நினைத்தவள் எதேச்சையாக மீட்டரைப் பார்த்தாள். பகீரென்றது. இவ்வளவு வேகத்தில் அந்த வளைவை அவள் எடுத்ததே இல்லை, வேகம் கூடியது அவளுக்கே தெரியவில்லை. அப்படியானால் மழையில் வீடு திரும்புகிற ஒரு புது ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் குத்தி, ஆத்திரம் தாங்காமல் அழுதாள். ஸ்பிரிங் மாற்றிய கார்களின் முதல் லோடு போன வாரமே ஷோரூமுக்குப் போய்விட்டது.