உறுமலோடு ஒரு பாட்டு

மாத்தளை டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் இருக்கிற ரெக்கோடிங் அறையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் ஓ.எல். பரீட்சை தாண்டியது நான் மட்டும்தான். பிறகு வயரிங் கோர்ஸும் முடித்தேன். அதனால் அங்கே பழைய சாமான் எது பழுதானாலும் என் தலையில்தான் விழும்.

அதில் பெரிய தொல்லை, மைக் செருகுகிற, இரும்புப் பெட்டி வைத்த ஒரு பழைய மிக்ஸர். அதன் ஏர்த் வயரை யாரோ வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். ஏர்த் கொடுத்தால் ஸ்பீக்கர் உறுமும். வெட்டினால் உறுமல் நின்றுவிடும். ஆனால் கரண்ட் பெட்டியிலும் மைக்கிலும் கசிந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தோட்டைப் பக்கமிருந்து ஓர் அக்கா வருவார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கோயில் திருவிழாவுக்கு அம்மன் பாட்டுப் பதிவு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்றுதான் பாடுவார்.

"உதட்டுல எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார் முதல் நாளே. அவர் போனதும் மைக்கில் டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு எரிந்தது.

முதலாளி நானாவிடம் சொன்னேன்.

"ஏர்த்தைக் குடுத்தா மாடு மாதிரிக் கத்துது. அதை யாருடா கேப்பான்? திருவிழா முடியட்டும்."

எனக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. வேறு வேலை தேடி அலையத் தெம்பும் இல்லை. அடுத்த வாரம் அக்காவிடம் போய், காரணம் சொல்லாமல், செருப்பைப் போட்டுக்கொண்டு பாடுங்கள் என்றேன்.

"அம்மாளுக்குச் செருப்புக் காலோடயா? நல்லாப் படிச்சீங்க போங்க!"

நானா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். காலடியில் ஒரு ரப்பர் பாயைப் போட்டேன். கால் வேர்க்குதென்று அதையும் ஒதுக்கிவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு காலையிலிருந்தே மழை. இன்றைக்கு ஈரக் காலோடுதான் வருவார் என்று நினைத்ததும் கை சும்மா இருக்கவில்லை. புது வயர் போட்டு ஏர்த்தைக் கொடுத்தேன். டெஸ்டர் எரியவில்லை. உறுமல் வந்தது. மற்ற சாமான்களின் பிளக்குகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தும் போகவில்லை.

அக்கா சேலை நுனியைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தார்.

"கழட்டுடா அதை" என்றார் நானா.

"கழட்டினா அக்காவுக்குக் கரண்ட் அடிக்கும் நானா. அன்னைக்கு எறும்புன்னாங்களே, அது கரண்டுதான். ஈரக் காலுக்கு ஆளே போயிடும்."

அக்கா நானாவைப் பார்த்தார். நானா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிறகு அக்கா என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"ரெண்டு பிள்ளைங்கள விட்டுட்டு வாறேன் தம்பி. அதையில்லையா சொல்லியிருக்கணும்?"

மைக்கை நானே முதலில் பிடித்து, உதட்டில் வைத்துக் காட்டினேன். அவர் வாங்கிப் பாடினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பாட்டின் அடியில் உறுமல் ஓடிக்கொண்டிருக்கிறது. உறுமலை நீயே எடுத்துக் குடு என்று நானா சொல்லிவிட்டார். நாலு நாளாகக் குறைத்துப் பார்க்கிறேன். அதைக் குறைத்தால் அவர் குரலும் மெலிகிறது.