நாற்பத்தொன்றாம் டோக்கனும் என் தங்கையும்

என் தங்கை தன் பெண்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. பெரியவள் ஒரு வருடம் போனாள். அந்த வருடம் முழுக்க வீட்டில்கூட வாயைத் திறக்கவில்லை. நிறுத்தி மூன்றாம் மாதம், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொன்னாள். தங்கை கரண்டியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு யார் என்ன சொன்னாலும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள், அவளுக்கு என்ன புத்தி சொல்வது?

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விடிகாலை நான்குக்குப் போனால் பன்னிரண்டுக்கு வருவாள். வீட்டுக்காரர் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூர். அதனால் வங்கி, பல் டாக்டர், பஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வரிசையில் நிற்கும் நேரத்தை அவள் வீணாக விட்டதில்லை. கைபேசி கிடையாது. முதல் பத்து நிமிடம் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டும். அப்புறம் செருப்பு ஆட்டம். முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்து, அந்த ஆளுக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று அவரிடமே மரியாதையாகக் கேட்டுவிட்டு வர வேண்டும். வாயே திறக்காதவள் ஊராரிடம் பேசக் கற்றது இப்படித்தான். தூக்கத்தில் கண் சொருகும்போதும் தங்கை ஆட்டத்தை நிறுத்தியதில்லை. அவளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்கிறது.

வீட்டில் படிப்பதற்கு வருடாவருடம் கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். இந்த வருடம் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. தவறினால் அடுத்த மாதமே பள்ளிக்கூடம். நானும் கூடப் போனேன். டோக்கன் நாற்பத்தொன்று. ஒன்றேகாலுக்கு உட்கார்ந்தபோது பதினெட்டு ஓடியது. டோக்கனைப் பெரியவள் கையில் கொடுத்துவிட்டுத் தங்கை சுவரில் தலை சாய்த்தாள். அப்படியே தூங்கிவிட்டாள். சோப்புத்தூள் அரித்த கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. நான் கோப்பிலிருந்த தாள்களைத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஒரு வருடம் எழுதிய முந்நூறு தாள்கள். அதில் மூழ்கியதுதான் என் தப்பு.

மூன்றரைக்கு நிமிர்ந்தேன். பலகையில் நாற்பத்தாறு.

"டோக்கன் எங்கடி?"

"மாத்திக்கிட்டேன் பெரியம்மா. பிரவுன் ஷூ தாத்தாவோட டோக்கன் எழுபத்திரண்டு. அவருக்குக் காத்திருக்கவே பிடிக்கலையாம். எங்களுக்கு இன்னும் ஒம்பது செருப்பு பாக்கி இருந்துச்சு."

"அவர் பல் செட் பண்றவராம்," என்றாள் சின்னவள். "நான் போலீஸ்னு சொல்லித் தோத்துட்டேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்துக்கு ஜன்னல் மூடும்போது அறுபத்துநாலைத் தாண்டாது. பேச்சுச் சத்தத்தில் தங்கை விழித்துவிட்டாள். எழுபத்திரண்டை வாங்கிப் பார்த்தாள்.

"திட்டேன்டி, ரெண்டு வார்த்தை," என்றேன்.

"காத்திருக்கிறது நல்லா இருக்கும்னு நாந்தானேக்கா சொல்லிக் கொடுத்தேன். எந்த வாயால திட்டறது?"

பெரியவளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. கோப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"எங்க நம்பர் போயிடுச்சு. நாந்தான் வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன். அம்மா மேல தப்பு இல்ல."

குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்த ஸ்கூல் நீ?"

"போகல சார். அதுக்குத்தான் வந்திருக்கோம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வை. இன்னைக்குத் தேதி போட்டு வாங்கிக்கிறேன். அதிகாரி உன்கிட்ட பேசணும். செவ்வாய்க்கிழமை வாங்க."

வெளியே வந்ததும் தங்கை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு நாளா? முடியலக்கா," என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"செவ்வாய் நான் கூட்டிட்டுப் போறேன். நீ தூங்கு."

"உனக்கு ஆட்டமெல்லாம் தெரியாதே."

"தோக்கத் தெரியும், போதாதா?"

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தோம். பதினோரு செருப்பில் நான் பத்துத் தோற்றேன். அதிகாரி பெரியவளிடம் மூன்று கேள்வி கேட்டார். இரண்டுக்குப் பதில் சொன்னாள். மூன்றாவது தெரியாது என்றாள், அதையும் சத்தமாகத்தான் சொன்னாள். ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சொல்வதற்காக எழுப்பப் போன பெரியவளைத் தடுத்தேன். சொன்னால் சந்தோஷப்படுவாள். சந்தோஷப்படவும் தெம்பு வேண்டுமே.