ஒன்று புள்ளி ஒன்று

மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலையில் நான் மொட்டைமாடியில் ஆன்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அமெச்சூர் ரேடியோக்காரன் நான், வீட்டில் செட் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசுகிறவன். எங்கள் திருப்பதி வீட்டு மாடியில் நிற்கும் ஒற்றை அலுமினியக் குழாய் நான்கு அலைவரிசைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். நாற்பது மீட்டர் என்கிற அலைவரிசையில் மட்டும் எப்போதும் மக்கர் செய்யும். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஒரு மீட்டர் காட்டும். ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை. எனக்கு மூன்று காட்டியது. குழாயின் அடியில் உள்ள கம்பிச்சுருளை, காயிலை, மாற்றிப் பார்க்கலாமென்று கேபிள் இணைப்பில் சுற்றியிருந்த ரப்பர் டேப்பை உரித்துப் போட்டேன். கீழேயிருந்து அவள் கூப்பிட்டாள். போய்விட்டேன்.

அந்த மாதம் முழுக்க மழை. அவளைச் சித்தூரில், அவள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பாதிரியார் ஜெபித்தபோது என் செருப்பில் அப்பியிருந்த சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடமான மனுஷன் என்று பின்னால் யாரோ பேசிக்கொண்டார்கள். திடமும் இல்லை, ஒன்றும் இல்லை. மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மீட்டரைப் போட்டால் நாற்பது மீட்டரில் ஒன்று புள்ளி ஒன்று. மற்ற மூன்று அலைவரிசைகளிலும் அதே. நான்கிலும் ஒரேமாதிரி வந்தால் சந்தேகப்படத் தெரியாதவன் அல்ல நான். அன்று அதற்கும் மனம் வரவில்லை. காயில் எப்படியோ தானாகவே சரியாக உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் ரேடியோ குழு அந்த நாற்பது மீட்டரில் கூடும். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததுவரை அவர்களுக்குத் தெரியும். யாருக்கும் தனியாக போன் செய்யாமல், எல்லோருக்கும் அங்கே ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். என் முறை வந்ததும், பேசி முடிக்கும்வரை விடாமல் பிடிக்க வேண்டிய மைக் பட்டனை அமுக்கினேன்.

"வீட்ல தவறிட்டாங்க. அடக்கம் ஆயிடுச்சு."

குழுவை நடத்துபவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல அடுத்தவரைக் கூப்பிட்டார். மறுநாளும் சொன்னேன். அவர் வரதய்யபாளையத்துக்காரரிடம் ஏரி நிரம்பிவிட்டதா என்று விசாரித்தார். சொல்ல வார்த்தை இல்லாமல் நழுவுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து செட்டைப் போடவில்லை.

மூன்று வாரம் கழித்து நாயுடுபேட்டை நண்பர், அதே குழுக்காரர், ஒரு பை சாத்துக்குடியோடு வந்து நின்றார்.

"இன்னாண்ணா, ஆளையே காணோம்? அண்ணிய வூட்டுக்கு இட்டுக்கினு வந்துட்டியா?"

சொன்னேன். பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் ரெண்டு நாள் சொன்னேனேப்பா."

"ஒண்ணுமே கேக்கலண்ணா. நீ ஆஸ்பத்திரிலயே கீறேன்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

மாடிக்குப் போனோம். டேப் உரித்த இடம் உரித்தபடியே இருந்தது. கேபிளை அறுத்ததும் தண்ணீர் சொட்டியது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. நான் அனுப்பியதையெல்லாம் ஊறிப்போன கேபிளே தின்றிருக்கிறது. ஆன்டெனாவுக்குப் போகவே போகாதது எங்கிருந்து திரும்பி வரும்? மீட்டர் அழகாகக் காட்டியது அதனால்தான். நேற்று லைசென்ஸ் வாங்கியவன்கூட இப்படி ஏமாறமாட்டான்.

புதுக் கேபிள் போட்டதும் பழைய மூன்று வந்தது. சாயங்காலம் வரை காயிலில் ஒவ்வொரு சுற்றாக இணைப்பை நகர்த்தினோம். ஆன்டெனாவைச் சுற்றி மாடித் தரையில் விரிக்கும் கம்பிகளை இன்னும் நாலு சேர்த்தோம். ஒன்றரைக்கு வந்தது.

"இது போதும்ணா" என்றார் நண்பர். அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார். தானே குழுவில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

காலை ஏழுக்கு நான் என் பெயரைச் சொன்னதும் குழுவை நடத்துபவர் சந்தோஷத்தில் குதித்தார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவர் குரல் அறை முழுக்க நிறைந்தது.

"சார், சிக்னல் சூப்பரா வருது! எங்க போனீங்க இத்தினி நாளா? அக்கா எப்படி கீறாங்க, டிஸ்சார்ஜ் பண்ட்டாங்களா?"

பட்டனை அமுக்கினேன். ஏற்கெனவே இரண்டு முறை சொன்ன வார்த்தைகள்தான். ஆனால் இந்த முறை போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்திருந்தது. "வீட்ல..." என்று ஆரம்பித்தேன். பட்டனை விடக் கை வரவில்லை. நான் அழுதது சித்தூரிலிருந்து வரதய்யபாளையம் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.