முன்விளக்கின் இழை

பழைய மோட்டார் சைக்கிளில் விளக்கு மக்கர் பண்ணினால் மற்ற மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டு, "லைட்டக்கா கிட்ட கொண்டு போங்க" என்பார்கள். மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் கூலிக்கு இருந்தவள், இருபத்தாறு வயதில் தனிக்கடை போட்டாள். உள்ளே ஒரு வண்டி நின்றால் அடுத்த வண்டி வாசலில் காத்திருக்க வேண்டிய கடை. வயர் அறுந்த இடத்தை அவள் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று சொல்வார்கள். அதெல்லாம் கட்டுக்கதை. அவளுக்கு இருந்தது பொறுமை. பாட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், பல்பு, கடைசியில் எர்த். ஒன்றைப் பார்த்து முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டாள்.

தம்பி இறந்தபின் அந்தப் பொறுமை நோயாக முற்றிவிட்டது. வேலை முடிந்தும் வண்டியை ஒப்படைக்க மனசு வராது. விளக்கை எரியவிட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்புவாள், முகப்பைத் தட்டுவாள், மறுபடி திருப்புவாள்.

"அக்கா, அது வண்டி, தொட்டில் இல்ல. ஆட்டினது போதும்."

"தூங்கினதும் தர்றேன். நீ சத்தம் போடாதே."

எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு திருப்பலிலும் அவள் காதில் தம்பி வண்டியோடு மோதிய லாரி டிரைவரின் குரல் கேட்பது அவர்களுக்குத் தெரியாது. "எதிர்ல வெளிச்சமே இல்லீங்க. இருட்டு திடீர்னு வண்டியா மாறி வந்து மோதிச்சு." வழக்கு முடியும்வரை அந்த ஆள் அதையே சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. விபத்துக்கு நான்கு நாள் முன்புதான் அக்கா தன் கையால் தம்பி வண்டிக்கு வயரிங் செய்திருந்தாள். "லைட்டக்கா போட்ட விளக்கு எரியாமப் போகுமா?" என்று ஊரே கேட்டது. டிரைவருக்கு இரண்டு வருஷம் சிறை. வெளியே வந்தவனுக்கு உரிமம் இல்லை. சந்தையில் மூட்டை தூக்கினான். அவன் எதிரே வந்தால் இவள் சந்து மாறிப் போவாள்.

அவன் சொன்னது பொய்யா, மெய்யா? வண்டியைத் திறந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வண்டியும் தம்பி வீட்டு முற்றத்தில்தான் நின்றது, தார்ப்பாய்க்கு அடியில், யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பதுபோல. ஏழு வருஷமாக அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே அந்த வீட்டுக்குப் போய் வந்தாள்.

ஒரு காலை, தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டது. இன்ஜினின் மூன்று துடிப்பு சீராக, நாலாவது கொஞ்சம் தயங்கி. கையிலிருந்த குறடு நழுவியது. வளைவில் திரும்பி வந்தது தம்பி மனைவி.

"என்ன அண்ணி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

"நீ எப்பம்மா ஓட்டக் கத்துக்கிட்டே?"

"நாலு மாசமாச்சு. வேலைக்கு இதுலதான் போகப் போறேன். வளைஞ்சதை நிமித்தியாச்சு, இன்ஜினும் பாத்தாச்சு. லைட்ல மட்டும் யாரையும் கை வைக்க விடல. பின்னாடியும் எரியல, முன்னாடியும் எரியல. நீங்க போட்டது, நீங்கதான் பாக்கணும்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை.

செத்த பாட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தாள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சும் நன்றாக இருந்தது. ஒரே சுவிட்சில் முன்னும் பின்னும் சேர்ந்து எரியும் வண்டி அது. இனி பல்புகள். முதலில் பின்விளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடிக்குள் இழை அறுந்திருந்தது, ஆனால் அறுவதற்குமுன் தளர்ந்த ஸ்பிரிங்போல இழுபட்டு நீண்டிருந்தது. எரிகிற இழை இளகியிருக்கும். அடி விழுந்தால் நீளும். மோதிய நொடியில் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பிறகு முன்விளக்கு.

தூர வெளிச்சத்துக்கும் கிட்ட வெளிச்சத்துக்குமான இரண்டு இழைகளும் முறிந்திருந்தன. வளைவில்லை, நீட்சியில்லை. உப்புக்கல் உடைந்ததுபோல நுனி பளிச்சென்றிருந்தது. எரிந்து தேய்ந்து போயிருந்தால் நுனி உருண்டிருக்கும். இது குளிர்ந்து கிடந்தபோது அடிபட்டது. அன்று இரவு தம்பிக்கு முன்னால் சாலை இருட்டு, எதிரே வந்தவனுக்குத் தம்பியே இருட்டு.

"என்ன அண்ணி, பல்புதானே? மாத்திடுங்க."

"இரு."

முகப்பின் உள்ளே முன்விளக்குக்கு மட்டுமான எர்த் வயரின் போல்ட்டைத் தளர்த்தினாள். விளக்குக்குப் போன மின்சாரம் திரும்பி வர வேண்டிய வழி அது. வயர் நுனியின் வளையம் வெற்று இரும்பைத் தொட வேண்டும். வளையத்துக்குக் கீழே கறுப்புப் பெயின்ட் முழுசாகப் பளபளத்தது. விபத்து நடந்த வாரம் தம்பி தானே அடித்த பெயின்ட். "அழகா இருக்கா சொல்லுக்கா" என்று கடை வாசலில் குதித்துக்கொண்டிருந்தான். அன்று அதைச் சுரண்ட மனம் வராமல், அதன்மேலேயே வைத்து முறுக்கினாள். ஸ்டாண்டில் நின்றபோது போல்ட்டின் மரை வழியாக எப்படியோ எரிந்தது. எரிகிறதே என்று கொடுத்து அனுப்பினாள். குண்டும் குழியுமான சாலையில் அந்த நூலிழைத் தொடர்பு எத்தனை தூரம் தாங்கியதோ!

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். பெயின்ட் உதிர்ந்து இரும்பு வெளுத்தது. வளையத்தை வைத்து முறுக்கி, புதுப் பல்புகளைப் போட்டு, சுவிட்சைத் தட்டினாள். எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்தது.

தம்பி மனைவி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு பிரகாசமா எரியுது! இதைப் போய் எரியலன்னு சாதிச்சானே அந்தப் பாவி. இன்னிக்கும் சந்தையில அவனைக் கண்டா வயிறு எரியுது எனக்கு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வண்டி போய்விடும், கடை இருக்கும், பேரும் இருக்கும்.

"அவன் பொய் சொல்லல."

"என்ன?"

"முன்னாடி எரியல. என் தப்பு. பெயின்ட்டைச் சுரண்டாம எர்த் கொடுத்திட்டேன்." இழை முறிந்த பல்பை எடுத்து நீட்டினாள். தம்பி மனைவி வாங்கவில்லை.

"இதெல்லாம் தெரிஞ்சுதான் ஏழு வருஷம் இந்த வண்டிப் பக்கமே வரலையா?"

"தெரியாது. தெரிஞ்சிடுமோன்னுதான் வரல."

"ஒரு மனுஷன் ரெண்டு வருஷம் உள்ள இருந்தான் அண்ணி. நான் அவன் முகத்துல காறித் துப்பியிருக்கேன்."

தம்பி மனைவி ஸ்டாண்டை எடுத்தாள். இன்ஜினை உதைக்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினாள். வீட்டுக்குப் போகும் பக்கம் திரும்பவில்லை. சந்தைப் பக்கம் திரும்பினாள். பட்டப்பகலில் முன்விளக்கு எரிந்துகொண்டே போனது. அணைக்கச் சொல்லி அக்கா கூப்பிடவில்லை. கடையைப் பூட்டாமலேயே, பத்தடி தள்ளி, அந்த வண்டியின் பின்னால் நடக்கத் தொடங்கினாள்.