புள்ளி வட்டங்கள் ஒழிந்த வெள்ளிக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு நின்றவன் கம்ப்யூட்டரின் உள்விவகாரம் பேசினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான். இன்று காலை நெற்றித் திருநீறு காய்வதற்குள் கைப்பேசி கிணுங்கியது. வெள்ளகோவில் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில் பூஜைக்கு அழைப்பு. உச்சியில் 'ஸ்ரீ அங்காளம்மன் துணை' என்ற சாமி வரி, கீழே வரிசையாகப் பெயர்கள். ஓர் எழுத்துகூட உடையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏனுங்க, யாராச்சும் தவறிப் போயிட்டாங்களா?" என்று என் சம்சாரம் பதறிவிட்டாள்.

கோவை டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் கல்யாணம், கோயில் விசேஷங்களுக்குப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தேன். சூடான டோனர் மையும் என் ஊதுபத்தியும் கலந்த அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. பக்கத்துக் கடையில் பாய் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டினார். அவர் மகள் ஷமீமா கம்ப்யூட்டர் என்ஜினீயர். என் பழைய கம்ப்யூட்டர் படுத்ததும் புதியது வாங்கினேன். உலகெங்கும் பலர் கூடிச் செய்து இலவசமாகத் தரும் ஓர் இயங்குதளத்தை அவள்தான் அதில் போட்டுக் கொடுத்தாள்.

அதில் முதல் வேலையே எங்கள் அம்மன் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அச்சடித்துப் பார்த்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுநடுவே புள்ளிபுள்ளியாக வட்டங்கள். பாய் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, பேருக்குப் பேரு கோழி முட்ட வெச்சிருக்கீங்க? பல்லடத்துக் கோழிப் பண்ணைக்கு லோடு ஏத்தறீங்களா?"

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. கோயில் தலைவர் போனில் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கெழம சாயங்காலப் பூசையில மொதப் பத்திரிகைய ஆத்தா காலடியில வெக்கோணுமுங்க. வெச்சுப்போட்டுத்தான் ஊரழைக்கப் போகோணும். முடியாதுன்னா சொல்லிப்போடுங்க, வேற எடத்துல குடுத்துக்கறோம்."

என் குலதெய்வத்தின் பத்திரிகை வேறொருவர் கையாலா?

ஷமீமா மாதிரிப் பக்கம் ஒன்றை இயங்குதளம் செய்கிறவர்களுக்கு அனுப்பினாள். 'எங்களிடம் சரியாகத்தான் தெரிகிறது' என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே பதில். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. காலையில் அவள் என் கடையில் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பார்த்தேன்.

"அம்மணி, சாமி வரி எங்க காணோம்?"

தயங்கினாள். "எடுத்துட்டேனுங் மாமா. சோதனைன்னா எழுத்த வெட்டுவோம், அழிப்போம், தலைகீழாப் போடுவோம். உங்க சாமி பேர அப்படிப் பண்ணுனா உங்க மனசு சங்கடப்படுமில்லீங்களா? அனுப்பினதுலயும் அதான் எடுத்துட்டு, ஓட்டிப் பாக்காம அனுப்புனேன். இப்ப பாத்தா இங்கயும் ஒடைய மாட்டேங்குது."

'இன்று கடை விடுமுறை' என்று எழுதி ஒட்டுவதானாலும் அந்த வரி இல்லாமல் நான் அடித்ததில்லை. "போடு கண்ணு," என்றேன். "நாம வெட்டுனா ஆத்தா கொறஞ்சு போயிருவாளா?"

போட்டாள். அந்த வரி ஏறியதுதான் தாமதம், கீழே இருந்த அத்தனை பெயர்களும் பொலபொலவென்று உடைந்தன. "மாட்டிக்கிச்சு மாமா!" என்று நாற்காலியை விட்டுத் துள்ளினாள்.

அவள் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இதுதான். 'ஸ்ரீ' நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்குள் அது நான்கு துண்டுகள். எழுத்தை வரைகிற பகுதி ஒன்று என்று எண்ண, வரியை எழுத்தெழுத்தாக வெட்டுகிற பகுதி நான்கு என்று எண்ணியிருக்கிறது. அந்த இடத்தில் பிசகிய கணக்கு கீழே வரிக்கு வரி தப்பான இடத்தில் வெட்டிக்கொண்டே போயிருக்கிறது. "மொத மார்க்கு தப்புனா கட்டு முழுக்கக் கோணத்தான்," என்று பாய் தன் மெஷின் பாஷையில் சொல்லிவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்.

அவர் திரும்புவதற்குள் ஷமீமா என் கம்ப்யூட்டரில் திருத்தி முடித்துவிட்டாள். அச்சிட்டோம். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "முட்டயெல்லாம் பொரிஞ்சிருச்சுங்க!" ஓரம் வெட்டி அவரே கையில் கொடுத்தார். நான் பஸ்ஸைப் பிடித்தேன். அன்று சாயங்காலம் தீபாராதனை வெளிச்சத்தில், அம்மன் காலடியில், மஞ்சள் தடவிய எங்கள் பத்திரிகை இருந்தது. தலைவர் வாசித்துப் பார்த்து, "எழுத்து கண்ணுல ஒத்திக்கறாப்புல இருக்குதுங்க," என்றார்.

அதற்குமேல் ஒரு சேதி. ஷமீமா அனுப்பிய திருத்தத்தை இயங்குதளக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் சாமி வரியையே சோதனை வரியாகவும் வைத்துவிட்டார்கள். முகம் தெரியாத யார் யாரோ, ஒவ்வொரு புதுப் பதிப்பு வெளிவரும் முன்பும் 'ஸ்ரீ அங்காளம்மன் துணை' என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்களாம். என் ஆத்தாவுக்கு இதைவிட என்ன பூஜை வேண்டும்?

கடை இன்று இல்லை. பாயின் மெஷினும் இல்லை. ஷமீமா வெளிநாட்டில் இருக்கிறாள். பத்திரிகையில் மஞ்சள் வாசனையும் இல்லை, கைப்பேசிக்கு ஏது மஞ்சள்? அந்தப் புள்ளி வட்டங்களும் இல்லை. போனவற்றில் நான் ஏங்காதது அது ஒன்றுதான்.

இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். என் பெயர் வேண்டாம். சுருக்குகிறேன் என்று எதையும் எடுத்துவிடாதீர்கள், முக்கியமாக அந்தப் பெண் சாமி வரியை ஏன் எடுத்தாள் என்பதை. இருக்கிறபடியே போகட்டும்.