மழைச் சாப்பாடு

என் கணவர் வளர்ந்தது ஒரு கத்தோலிக்கக் கோயில் விடுதியில். தாயைக் கண்டதில்லை. தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டார். விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வெளிநாட்டுச் சுவாமி ஒருவர், ஒக்டோபர் பிறந்தாலே தன் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவாராம். மரமெல்லாம் மஞ்சளாகி இலை கொட்டும், விளைச்சல் வீட்டுக்கு வந்துவிடும், குடும்பமாக மேசையைச் சுற்றி இருந்து கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடுவோம் என்று சொல்லிச் சொல்லி அந்த மனிதருக்குக் கண் கலங்குமாம். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த இலைகளும் தெரியாது, அப்படி ஒரு மேசையும் தெரியாது. ஆனால் என் கணவர் அந்த மேசையை மறக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். கல்யாணமாகி, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் தன்னாமுனையில் வீடு எடுத்த முதல் வருடமே சொல்லிவிட்டார்.

"நம்மட வீட்டுக்கெண்டு ஒரு வழக்கம் வேணும் புள்ள. நத்தார், ஈஸ்டர் எல்லாம் ஊருக்குப் பொதுவானது. இது நமக்கு மட்டும்."

"இஞ்ச எங்க இலை கொட்டுது?" என்று கேட்டேன்.

"அங்க இலை கொட்டுது, இஞ்ச மழை கொட்டுது. அவ்வளவுதானே."

அப்படித்தான் மழைச் சாப்பாடு தொடங்கியது. கோடையெல்லாம் வற்றிக் கிடந்த வாவிக்கு அப்பாலிருந்து மாரியின் முதல் மழை இரைந்துகொண்டு வரும். தூறல் கணக்கில் வராது. கூரையிலிருந்து பீலியில் தண்ணீர் ஓட வேண்டும். அன்று பின்னேரம் மரவள்ளிக் கிழங்கு அவிப்போம். தேங்காய்ச் சம்பல், இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி. ஒக்டோபர் செபமாலை மாதம் என்பதால் எப்படியும் பொழுதுபட்டால் செபமாலை சொல்வோம். மழை நாளில் அது முடிந்த கையோடு ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். போன வருடம் சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. முதல் தட்டு வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அது போன பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு.

சட்டமெல்லாம் அவர் போட்டதுதான். முதல் வருடம் நல்ல சேட்டுப் போட்டு, தலையைச் சீவி, கொட்டுகிற மழையில் குடையோடு தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மனுசி இவர் நின்ற கோலத்தைக் கண்டு, "ஐயோ, ஆருக்கு என்ன நடந்தது?" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல, கிழங்கு" என்றாராம் இவர். பல வருடம் அந்த வீட்டில் இவருக்குக் கிழங்குச் சேர் என்றுதான் பெயர்.

இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவள் தன் நன்றியை ஒரு கிழமைக்கு முந்தியே பாடமாக்கி வைத்திருப்பாள். இளையவள் செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தில் என் மடியில் நித்திரையாகிவிடுவாள். கிழங்கின் மணத்துக்கு எழும்பி, "பூனைக்கு நன்றி" என்பாள். எங்கள் வீட்டில் பூனை இல்லை. யாருடைய பூனை என்று கேட்டால் அதுவும் தெரியாது. இவர் அதையும் ஏற்றுக்கொள்வார்.

சில வருடம் என் தங்கச்சியும் அந்தச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறாள். மழை தொடங்கியதும் நனைந்துகொண்டே வந்து இறங்குவாள். அத்தானைச் சீண்டுவதுதான் அவளுக்கு வேலை. "அத்தான்ட சமையலைத் திண்டும் நாங்க உயிரோட இரிக்கம், அதுக்கு நன்றி" என்று ஒரு முறை சொன்னாள். அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இது செல்லாது, வேற சொல்லு" என்றார். அவளைக் கடற்கரைப் பக்கம் கல்யாணம் முடித்துக் கொடுத்தோம். அந்த வருடம்தான் சுனாமி.

நத்தாருக்கு அடுத்த நாள் காலை அவளும் புருசனும் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். என் கணவர் நாட்கணக்கில் தேடினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், மணலில் நிரையாகக் கிடத்தியிருந்த இடங்கள் என்று எல்லாம் பார்த்தார். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து கிணற்றடியில் நெடுநேரம் குளிப்பார். அவர் முகத்தைப் பார்த்து நானே விளங்கிக்கொள்வேன். இரண்டு பேருமே கிடைக்கவில்லை.

அடுத்த மாரியில் முதல் மழை வந்தபோது நான் குசினியில் நின்றேன். பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு அது தண்ணீர்ச் சத்தமாக மட்டும்தான் கேட்டது. இவரே கிழங்கை எடுத்து உரித்தார், தானே அவித்தார், முதல் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிள்ளைகள் சாப்பிட இருந்தார்கள். நான் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன்.

"அம்மா நன்றி சொல்லல்லையா?" என்று இளையவள் கேட்பது கேட்டது.

"அம்மாக்கு இந்த வருசம் லீவு" என்றார் இவர்.

அந்த நொவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனபோதும் அப்படித்தான். எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறையைக் கூட்டித் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தினார்கள். என் கையில் இருந்த மெழுகுதிரிக்கு இடமில்லை. யாரோ ஒருவருடைய கல்லறையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் யுத்தம் மறுபடியும் மூண்டுவிட்டது. இடி எது, செல்லடி எது என்று தெரியாத மாரி அது. மழைச் சாப்பாட்டைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. வாகரைப் பக்கத்துச் சனம் காட்டாலும் கடற்கரையாலும் நடந்து வரத் தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் நிறைந்தன, பிறகு வளவுகளில் தறப்பாள் கூடாரங்கள். என் கணவர் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே முகாமுக்குப் போய்விடுவார். மாதங்கள் கழிந்து ஒரு நாள், ஒரு இளம் பெண்ணையும் அவள் புருசனையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அவளுக்கு வயிற்றில் பிள்ளை. கூடாரத்துக்குள் அனல் தாங்க முடியாமல் மயங்கி விழுந்திருக்கிறாள்.

"பின்னறை சும்மாதானே கிடக்கு" என்றார்.

அவள் என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு இடைஞ்சல்தான் அக்கா" என்றாள்.

தங்கச்சி போன பிறகு அந்தச் சொல்லால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நான் பாய் எடுக்கிற சாட்டில் உள்ளே போய்விட்டேன். இவர் என் பின்னாலேயே வந்தார். "டீச்சர் எண்டு கூப்பிடச் சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆனாலும் நான் அவளை உறவு முறை சொல்லிக் கூப்பிடவில்லை. "இஞ்ச வாங்க", "சாப்பிடுங்க" என்று பொதுவாகவே பேசிச் சமாளித்தேன்.

அவர்கள் வாகரைப் பக்கம் காடு வெட்டி எரித்துச் சேனை செய்கிற சனம். மழைக்குச் சோளன் போடுவார்கள், கடல் ஓய்ந்த காலத்தில் மீனுக்குப் போவார்கள். புருசன்காரன் அதிகம் பேசமாட்டான். ஓட்டமாவடியில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போய்ப் பொழுதுபட வருவான். அவள் என் பிள்ளைகளோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். நாங்கள் செபமாலை சொல்கிற நேரம் பின்னறை வாசலில் வந்து இருப்பாள். ஒரு மாதம் போனதும் இளையவள் நித்திரையாகிற இடம் என் மடியிலிருந்து அவள் மடிக்கு மாறிவிட்டது.

சுனாமி கழிந்த மூன்றாவது மாரியின் முதல் மழை ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தது. நான் காயப்போட்ட உடுப்புகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். குசினியில் அவள் நிலத்தில் காலை நீட்டி இருந்து, பெரிய வயிற்றோடு, கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன?"

"மழைக்குக் கிழங்கு அவிக்கிறதாமே. மகள்மார் சொன்னாங்க. காலைல வானம் கறுப்பாக் கட்டிக்கிட்டு வந்திச்சு, என்ட மனுசனை விட்டு வாங்கி வச்சிட்டன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிழையா அக்கா?" என்றாள்.

உடுப்பைக் கதிரையில் போட்டுவிட்டுத் தேங்காய் துருவ இருந்தேன்.

செபமாலை முடிந்தது. மின்சாரம் இல்லை. லாந்தரை நடுவில் வைத்துச் சுற்றி இருந்தோம். ஆலையிலிருந்து நனைந்து வந்த அவள் புருசன் சுவரோரம் இருந்தான். இவர் ஈரக் குடையைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து அமர்ந்தார். தட்டு போய்விட்டது, இனி நன்றி. மூத்தவள் தன் பாடத்தை ஒப்புவித்தாள். இளையவள் பூனையை விட்டுவிட்டு, "இவவுக்கு" என்று அவளைக் காட்டினாள். அடுத்தது அவள் முறை.

"நானும் சொல்லலாமா? நான் வேதக்காரி இல்லையே."

"மழை வேதக்காரர்ர வீட்டுக்கு மட்டுமா பெய்யுது?" என்றார் என் கணவர்.

அவள் பீலியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

"காட்டுக்குள்ளால நடந்து வரக்குள்ளயும் மழைதான். மழையைத் திட்டித் திட்டித்தான் வந்தன். இண்டைக்கு அதே மழையை ஒரு கூரைக்குக் கீழ இருந்து பாக்கன். அதுக்கு நன்றி, சாமி."

பிறகு என் முறை. இவர் என்னைத் தாண்டித் தன்னுடையதைச் சொல்ல வாயெடுத்தார், எனக்கு லீவு தருவதற்காக. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்ட தங்கச்சி எனக்கு இருந்தாள்" என்றேன். மூத்தவள் அழத் தொடங்கினாள். பிறகு நான் அழுதேன். பிறகு என் கணவர், சுனாமி நாட்களில் கிணற்றடியில் மட்டும் அழுத மனிதர், பிள்ளைகளுக்கு முன்னால் வாய்விட்டு அழுதார். அவள்தான் எழும்பி எல்லோருடைய தட்டிலும் கிழங்கு வைத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டோம். நல்ல பசி இருந்தது.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் நாள் அவள் கேட்டாள். "அக்கா, ஒங்கட தங்கச்சிக்கு எங்க விளக்கு வைப்பீங்க?"

இடமில்லை என்றேன்.

"கடல் இரிக்கே. எங்கட ஊர்ல கடலுக்குப் போய் வராத ஆக்களுக்குக் கடற்கரையிலதான் விளக்கு வைப்பம்."

சுனாமிக்குப் பிறகு நான் கடலைப் பார்க்கவே இல்லை. பஸ் அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொள்வேன். இவர் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் நானே, "போவம்" என்றேன். அவளும் எங்களோடு வந்தாள்.

கடல் கலங்கி, மண் நிறத்தில் கிடந்தது. பெரிய அலை. தங்கச்சி வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரையும் கிணற்றுக் கட்டும் மட்டும் மிச்சம். மெழுகுதிரியைக் கொளுத்தினால் காற்று உடனே அணைத்தது. இவர் குடையை விரித்துக் காற்றுக்கு மறித்தார். குடை மடங்கிப் பூவாக விரிந்துகொண்டது. குடையோடு அவர் படுகிற பாட்டைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தங்கச்சி நின்றிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கடைசியில் மூத்தவள் ஒரு சிரட்டையைப் பொறுக்கி வந்தாள். மணலில் குழி தோண்டிச் சிரட்டையைப் புதைத்து அதற்குள் மெழுகுதிரியை வைத்தோம். நின்று எரிந்தது. எல்லோருமாக ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொன்னோம்.

திரும்பும்போது மணலில் அவள் கால் தடுக்கித் தடுமாறினாள். "தங்கச்சி, மெதுவா!" என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். பஸ் வரும்வரை எடுக்கவில்லை.

மார்கழியில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அவளோடு நான்தான் நின்றேன். பிள்ளையைச் சுற்றியது என் மூத்தவளின் பழைய துணியில். பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில் அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். லொறியில் ஏற்றிவிட்டு வந்து பின்னறையைக் கூட்டும்போது, வீடு இவ்வளவு பெரிதா என்று இருந்தது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன வைகாசியில் எங்கள் பக்கம் பெரிதாக யாரும் ஒன்றும் பேசவில்லை. கடைசிச் சண்டை நடந்த வன்னியில் சொந்தக்காரர் இருந்தவர்கள் கோயிலில் வந்து சும்மா இருந்துவிட்டுப் போனார்கள். நாங்களும் அவர்களோடு இருந்தோம். அந்த வருட மாரி நெருங்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, இந்த முறை மழைக்கு இஞ்ச வாங்க. பாதை திறந்திட்டாங்க. நாங்க சோளன் போடப் போறம்."

மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வானத்தைப் பார்த்து ஒரு உத்தேசத்தில் புறப்பட்டோம். வாழைச்சேனையில் பஸ் மாறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அவர்கள் வீடு பாதி சுவரும் மேலே தறப்பாளுமாக இருந்தது. பின்னால் எரித்துத் துப்புரவாக்கிய சேனை. போனதுமே அவள் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிரங்கை விதை தந்து வேலைக்கு விட்டாள். என் கணவர் சேட்டைக் கழற்றிவிட்டு மகா கவனமாகக் குழி போட்டார். அவர் போட்ட வரிசை பாம்பு மாதிரிப் போனது.

"சேர், அது சோளன். கோலம் இல்ல" என்றான் அவள் புருசன். அவன் பகிடி விட்டு நான் கேட்டது அன்றுதான்.

அன்று மழை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஞாயிறு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பையைக் கட்டுகிற நேரம் காற்று குளிர்ந்தது. கடல் பக்கத்திலிருந்து மழை மரங்களில் அடித்துக்கொண்டே வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டோம். அவள் அடுப்பை மூட்டினாள்.

தறப்பாளில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. நன்றியைக் கத்திக் கத்திச் சொன்னோம். அவள் புருசன் எப்போதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு விடுகிறவன். அன்று தொண்டையைச் செருமினான்.

"ராவில சத்தம் கேட்டா, புள்ளையைத் தூக்கிட்டு எந்தப் பக்கம் ஓடுற எண்டு நினைச்சு வச்சிட்டுத்தான் படுப்பன்" என்றான். "இப்ப கொஞ்ச நாளா அப்படி நினைக்காமப் படுக்கன். நேத்துத்தான் அது விளங்கின."

என் கணவர் அவன் முதுகில் கையை வைத்தார். நாங்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு இரிக்கீங்க?" என்றாள் அவள். "கிழங்கு ஆறுது. எடுத்துத் தின்னுங்க."