பையில் ஒட்டியிருந்தது

எலும்பெல்லாம் வலித்தபோதும், "என்ஜின் தூக்கினேன்க்கா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றுதான் என் தம்பி என்னிடம் சொன்னான். எனக்கு ரத்தப் புற்றுநோய். எனக்குக் கொடுக்கவேண்டிய, புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் அவன் உடம்பில் பெருக ஊசி போட்டிருந்தார்கள். வலி அதனால்தான் என்று நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவன் லாரி மெக்கானிக். அவன் ரத்தத்திலிருந்து மெஷினில் பிரித்தெடுத்த செல்லை எனக்கு ஏற்றிய அன்று, என் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றான். கட்டிலுக்கு மேல் தொங்கிய சின்னப் பையைப் பார்த்து, "அரை நாள் மெஷின்ல படுத்துக் கிடந்தேன், இவ்வளவுதானா?" என்று போனில் கேட்டான்.

பை காலியானதும் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னான். "சிஸ்டர், ஆயில் டப்பா மாதிரி கவுத்துப் பிடிங்க! ஓரத்துல ஒட்டியிருக்கு!"

"சும்மா நில்லுங்கண்ணே, அதையும் அலசி ஏத்திடுவோம்" என்று நர்ஸ் சிரித்தார்.

ஏற்றிய செல் என் உடம்பில் பிடிக்காவிட்டால் நான் பிழைக்க மாட்டேன். நான் கடவுளை நச்சரித்தேன். அவன் டாக்டரைக் கண்டபோதெல்லாம், "ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று நச்சரித்தான். கடவுள் கண் திறந்தார். ஒரு நாள் காலையில் டாக்டரே அவனைத் தேடிவந்து, "ஸ்டார்ட் ஆயிடுச்சுப்பா" என்றார்.

இப்போது என் ரத்த வகைகூட மாறி அவனுடையதாகிவிட்டது. போன வாரம் வெளியூர் வேலைக்குப் பஸ் ஏறியவன் ஜன்னல் வழியாகக் கத்தினான்: "அக்கா, உள்ள ஓடுறது என் என்ஜின். பாத்து ஓட்டு!"